பறிமுதலான களிம்புக்குப் பெயர் இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருந்துக் கடை கவுன்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்த பார்மசிஸ்ட் நான். போலித் தோல் மருந்துகள் பறிமுதல் என்று பேப்பரில் செய்தி வரும்போதெல்லாம் முதலில் சந்தோஷமும், அடுத்த நிமிடமே எரிச்சலும் வரும். எத்தனை பெட்டி பிடித்தார்கள், மதிப்பு எத்தனை லட்சம், எந்தப் பிரிவில் வழக்கு என்று எல்லாம் விவரமாக இருக்கும். அட்டைப்பெட்டி அடுக்குக்கு முன்னால் அதிகாரிகள் நிற்கும் படமும் இருக்கும். களிம்பின் பெயர் மட்டும் இருக்காது. பேட்ச் எண் இருக்கவே இருக்காது. 'மூலிகை க்ரீம் என்ற பெயரில் விற்கப்பட்ட' என்பதோடு சரி. அந்தச் செய்தியைப் படித்தவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அதே களிம்பை எடுத்துக் கழுத்தில் தடவிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

அரசு நடவடிக்கையே எடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எடுக்கிறார்கள். அது கிடங்கு வரைக்கும் போகிறது, வீட்டு அலமாரி வரைக்கும் வருவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அண்மையில் ஒரு பெண்மணி சின்ன வட்ட டப்பா ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணே, இது உங்ககிட்ட இருக்கா? வழக்கமா வாங்குற எடத்துல ஸ்டாக் இல்லையாம்" என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். மூடியில் பச்சை இலை. '100% மூலிகை, பக்கவிளைவு அற்றது.' பக்கவாட்டில் படர்தாமரை, சொறி, சிரங்கு, கரப்பான், தேமல், மங்கு, பித்தவெடிப்பு என்று ஒரு பட்டியல். பூஞ்சையால் வருவது, பூச்சியால் வருவது, ஒவ்வாமையால் வருவது, வெயிலால் வருவது, வெறும் வறட்சியால் வருவது எல்லாமே அந்த ஒரு டப்பாவில் தீர்ந்துவிடுமாம். சேர்மானம்: வேப்பிலை, மஞ்சள், சோற்றுக்கற்றாழை, குப்பைமேனி. கடைசியில் 'பேஸ் – தேவையான அளவு'. உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டிய இடம் காலி. முகவரி என்று ஒரு செல்போன் எண்.

"எப்படிம்மா கேக்குது?" என்றேன்.

"ரெண்டே நாள்ல அரிப்பு சுத்தமா நின்னுடுதுண்ணே. விட்டாதான் திரும்ப வந்துடுது."

ஆய்வகத்தில் போட்டுப் பார்க்காமல் அதில் என்ன இருக்கிறது என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்தப் பதிலைக் கேட்டால் எந்தப் பார்மசிஸ்ட்டுக்கும் சந்தேகம் வரும். குப்பைமேனியும் மஞ்சளும் நல்ல சரக்குதான். ஆனால் நாள்பட்ட அரிப்பை இரண்டு நாளில் அடியோடு நிறுத்துவதும், விட்டவுடன் திரும்ப வரவழைப்பதும் அவற்றின் குணம் இல்லை. அது ஸ்டீராய்டின் குணம். அந்த 'தேவையான அளவு' பேஸுக்குள் கிளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ ஒளிந்திருந்தால் வெளியே யாருக்குத் தெரியும்?

ஸ்டீராய்டு களிம்பை விஷம் என்று நினைத்துவிட வேண்டாம். காளாஞ்சகப்படைக்கும் (சோரியாசிஸ்) கரப்பானுக்கும் தோல் மருத்துவர்கள் தினமும் எழுதுகிற மருந்துதான். எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்லி எழுதுவார்கள். கிளோபெட்டசால் இந்த வகையிலேயே வீரியம் மிகுந்தது; ட்யூபில் இருப்பது 0.05 சதவீதம்தான், அதுவே அவ்வளவு வேலை செய்யும். முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், ரத்த நாளங்கள் இழை இழையாக வெளியே தெரியும், பரு கிளம்பும், பெண்களுக்கு முகத்தில் ரோமம் வளரும். நிறுத்தலாம் என்று நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். பயந்துபோய் மறுபடியும் அதையே பூசுவார்கள்.

படர்தாமரையில் பூசினால் வேறு விதமான ஏமாற்று. அரிப்பு அடங்கும், பூஞ்சை அடங்காது. வளையம் வளையமாகத் தெரிந்தது உருவம் கலைந்து தொடை, இடுப்பு, முதுகு என்று பரவும். அப்புறம் மருத்துவரே பார்த்தாலும் சட்டென்று படர்தாமரை என்று அடையாளம் காண முடியாது. கைக்குழந்தைக்கு இடுப்பில் பூசி மேலே டயப்பரையும் மாட்டிவிட்டால், மூடிக் கிடக்கும் தோல் வழியே மருந்து இன்னும் அதிகமாக உள்ளே போகும். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டே குறைந்துபோகலாம். டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டைக் குழந்தைக்குப் பூசத் தயங்குகிற தாய்கூட, 'மூலிகை' என்று போட்டிருந்தால் தாராளமாகப் பூசுவார். பொய் லேபிளின் முழுக் கேடும் இதில்தான் இருக்கிறது.

இதெல்லாம் அரசுக்குத் தெரியாததில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல்தான் ஷெட்யூல் எச்; முன்பெல்லாம் மேல்பூச்சு ஸ்டீராய்டுகளுக்கு அதில் விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்கள் பல வருடம் தொண்டை கிழியக் கத்திய பிறகு, 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டுகளின் மேல்பூச்சு மருந்துகளை மத்திய அரசு அந்தப் பட்டியலில் சேர்த்தது. நல்ல காரியம். ஆனால் அதே சரக்கு இலைப் படத்தை ஒட்டிக்கொண்டு வந்தால் சீட்டு கேட்பார் யாரும் இல்லை.

ஏன் என்றால், அலோபதி மருந்தை விற்கக் கடைக்கு உரிமம் வேண்டும், பார்மசிஸ்ட் வேண்டும், வாங்கியதற்கும் விற்றதற்கும் பில் வேண்டும். ஆயுர்வேத, சித்த மருந்துகளுக்குத் தயாரிக்கத்தான் உரிமம் தேவை. விற்க உரிமம் தேவையில்லை. அழகுசாதனப் பொருளை விற்பதற்கும் அப்படியே. ஆகவே ஃபேன்சி ஸ்டோரில் விற்கலாம், பொருட்காட்சி ஸ்டாலில் விற்கலாம், வாட்ஸ்அப் குரூப்பில் ஆர்டர் எடுத்துக் கூரியரில் அனுப்பலாம். மருந்து ஆய்வாளர் எங்கள் கடைக்கு வந்து ஃப்ரிட்ஜ் வெப்பநிலை வரைக்கும் பார்த்துவிட்டுப் போகிறார். வரட்டும், பார்க்கட்டும், அது அவர் கடமை. எங்கள் உரிம எண் அவர் பதிவேட்டில் இருக்கிறது. வீட்டு மாடியில் டப்பா அடைத்து இன்ஸ்டாகிராமில் விற்பவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்?

இன்னொரு சிக்கலும் உண்டு. சித்த மருந்துக்கு உரிமம் தருவது இந்திய மருத்துவத் துறைப் பக்கம். ஸ்டீராய்டைக் கண்காணிப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. சித்த மருந்து என்று எழுதிய டப்பாவுக்குள் ஸ்டீராய்டு இருந்தால் அது யார் வேலை? சட்டப்படி பதில் இருக்கலாம். புகார் கொடுக்கப் போகும் சாதாரண ஆளுக்கு 'அங்கே போங்க' என்ற பதில்தான் கிடைக்கிறது.

சிவப்பழகு க்ரீம்கள் தனிக் கதை. அவற்றில் பயம் பாதரசம். 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசுகிற பொருட்களுக்கு மட்டும் ஒரு தனி வரம்பு. மற்ற எதிலும், தற்செயலாகக் கலந்திருந்தால்கூட, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. கேரளத்தில் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்து 2023 முதல் கட்டம் கட்டமாகச் சோதனை நடத்தினார்கள். பிடித்த சரக்குகளில் சிலவற்றில் வரம்பைப் போல 12,000 மடங்கு பாதரசம் இருந்ததாக 2025 தொடக்கத்தில் அந்த மாநில அரசே அறிவித்தது. அதற்கு முன்பே மலப்புரம் மாவட்டத்தில் சிறுநீரகப் பாதிப்போடு வந்த நோயாளிகளில் பலர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். பாதரசம் தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கிறது, அதனால் வெளுப்பு தெரிகிறது. உள்ளே போன பாதரசம் சிறுநீரக வடிகட்டியைக் கெடுத்து, புரதம் சிறுநீரில் போய், கால் வீங்குகிறது. கால் வீக்கத்துக்காக வந்தவரிடம் "மொகத்துக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்கத் தோன்றிய அந்த டாக்டர்களுக்கு ஒரு கும்பிடு.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். ஆய்வாளர் மாதிரி எடுக்கும் முறை தெரிந்தவர்களுக்குத் தெரியும். மாதிரி எடுப்பதற்கான அறிவிப்பான படிவம் 17ஐக் கொடுத்து, சாட்சியை வைத்து, கடையில் எடுத்த மாதிரியை நான்காகப் பிரித்து சீல் வைப்பார். ஒரு பங்கு கடைக்காரருக்கு, ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று தயாரிப்பாளருக்கு. அறிக்கை வந்த பிறகும் எதிர்த்தரப்பு 28 நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். கொல்கத்தாவில் உள்ள மத்திய ஆய்வகத்துக்கு மறுபரிசோதனைக்கும் போகலாம். எல்லாம் நியாயமான ஏற்பாடுதான். "அறிக்கை வரும் முன்னே பெயரைச் சொன்னால் ஒழுங்கான கம்பெனி பாதிக்கப்படும்" என்று அதிகாரிகள் சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன். பிரபலமான ட்யூபைப் போலவே அச்சடித்துப் போலி விடுகிறவர்களும் இருப்பதால், அவசரப்பட்டுப் பெயர் சொன்னால் அசல்காரர் தலையில்தான் விடியும்.

சரி, அறிக்கை வந்த பிறகு? பிடித்த அன்றைக்குப் பத்திரிகையாளர் சந்திப்பு, அறிக்கை வந்த அன்றைக்கு மௌனம். பெட்டி அடுக்கின் படம் செய்தியாகிறது. 'இன்ன பெயர், இன்ன பேட்ச் களிம்பில் கிளோபெட்டசால் இருப்பது உறுதி' என்பது செய்தியாவதே இல்லை. மத்திய மருந்துத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் தரமற்ற மருந்துகளின் பட்டியலை பேட்ச் எண்ணோடு இணையத்தில் போடுகிறது. நான் பார்ப்பேன், ஸ்டாக்கிஸ்ட் பார்ப்பார். ஆங்கிலத்தில் நீளமாகக் கிடக்கும் அந்த அட்டவணையை, டப்பாவைக் கொண்டுவந்த அந்தப் பெண்மணி எப்போது பார்ப்பார்? பிரிட்டனில் கரப்பானுக்கென்று விற்ற ஒரு சீன மூலிகைக் களிம்பில் கிளோபெட்டசால் இருப்பது தெரிந்ததும், அங்குள்ள மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 'யிகானெர்ஜிங்' என்று பெயரைச் சொல்லியே மக்களை எச்சரித்தது. பேட்ச் எண், லேபிள் படம், என்ன கலந்திருந்தது, வீட்டில் இருந்தால் என்ன செய்வது – இவ்வளவையும் தமிழில் அரைப் பக்கத்தில் எழுதி எல்லா நாளிதழ்களுக்கும் அனுப்ப நம் துறைக்கு என்ன சிரமம்?

இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டும் என்றுகூட இல்லை. 1940ஆம் வருட மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் 35ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தண்டனை பெற்றவரின் பெயர், ஊர், செய்த குற்றம், கிடைத்த தண்டனை ஆகியவற்றை, ஆய்வாளர் விண்ணப்பித்தால், குற்றவாளியின் செலவிலேயே செய்தித்தாளில் வெளியிட நீதிமன்றம் உத்தரவிட வேண்டும் என்கிறது அது. ஆசிரியர் அவர்களே, அப்படியொரு அறிவிப்பை நீங்கள் எப்போதாவது அச்சிட்டிருக்கிறீர்களா? தினமும் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற நான் பார்த்ததில்லை. 26ஆவது பிரிவும் அப்படித்தான் தூங்குகிறது. பொதுமக்களில் யாரும் தாம் வாங்கிய மருந்தையோ அழகுசாதனத்தையோ கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்கிறது சட்டம். எங்கே கொடுப்பது, எவ்வளவு கட்டணம் என்று எழுதிய ஒரு பலகையை மாவட்டத் தலைமை மருத்துவமனை வாசலில் வைத்தால் என்ன?

இதோடு உங்களையும் கொஞ்சம் சங்கடப்படுத்த வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம். வெண்படை முற்றிலும் குணமாகும் என்ற சின்ன விளம்பரங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் வராத நாள் எது? மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் 1954இல் வந்தது. எந்தெந்த நோய்களுக்கு இதைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரமே செய்யக் கூடாது என்ற அதன் பட்டியலில் வெண்படை உண்டு. விளம்பரம் கொடுத்தவர் மட்டும் இல்லை, வெளியிடுவதில் பங்கெடுப்பவரும் அதில் வருவார். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்த உச்ச தண்டனை ஆறு மாதச் சிறை. 2020இல் ஒரு திருத்த வரைவு வந்தது: தோல் நிறத்தை வெளுக்க வைப்பதும் பட்டியலில் சேரும், மறுபடியும் செய்தால் ஐந்து வருடம், 50 லட்சம் ரூபாய் அபராதம் என்றெல்லாம் இருந்தது. அந்த வரைவு சட்டமாகி நான் பார்க்கவில்லை. ஆயுஷ் (ஆயுர்வேத, சித்த, யுனானி) மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்று 2018 டிசம்பரில் கொண்டுவந்த 170ஆவது விதியை 2024 ஜூலையில் மத்திய அரசே நீக்கியது. உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே அந்த நீக்கத்தை நிறுத்திவைத்தது, அடுத்த வருடம் வழக்கே முடித்துவைக்கப்பட்டது. ஒரு கை பறிமுதல் செய்கிறது, இன்னொரு கை கதவைத் திறந்துவிடுகிறது.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால், எண்ணெய் நாளாக ஆக நல்ல ஊதா நிறத்துக்கு வரும். காளாஞ்சகப்படைக்கு அந்தத் தைலத்தை முறையான சித்த மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். அவர்களே "மெதுவாத்தான் கேக்கும், பொறுமையா தடவுங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அரசின் டாம்ப்கால் நிறுவனமும் சித்த மருந்துகள் தயாரிக்கிறது. கள்ள டப்பாக்காரர்களால் முதலில் கெடுவது இவர்கள் பெயர்தான். பறிமுதல் செய்தியில் 'மூலிகை மருந்து' என்று பொதுவாகப் போடும்போது, மக்கள் மனதில் அந்தக் களிம்பும் வெட்பாலைத் தைலமும் ஒரே கூடைக்குள் போய்விடுகின்றன. பெயர் சொல்லச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் தொழிலிலும் அழுக்கு இருக்கிறது, மறைக்கவில்லை. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் (இதுவும் ஒரு ஸ்டீராய்டுதான்) மூன்றும் சேர்ந்த க்ரீமை, மங்குக்காக டாக்டர் சில வாரத்துக்கு மட்டும் எழுதுகிற மருந்தை, 'முகம் பளிச்சினு ஆகும்' என்று சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. அவர்கள் மீது நடவடிக்கை எடுத்தால் நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். கடையின் பெயரையும் போடட்டும்.

அரசு விழிக்கும் வரை வாசகர்கள் செய்யக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். அழகுசாதனம் என்றால் லேபிளில் உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதிப் பதிவுச் சான்று எண்ணும், இறக்குமதி செய்தவர் முகவரியும் இருக்க வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் அந்தச் சொல்லே லேபிளில் இருக்கும். கூடவே உரிம எண், பேட்ச் எண், சேர்மானம், தயாரித்த தேதி, காலாவதித் தேதி. இருந்தால் மட்டும் நம்பிவிடவும் முடியாது, எண்ணையும் பொய்யாக அச்சடிப்பார்கள். இல்லை என்றால் கையால் தொடாதீர்கள்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருகிறீர்கள், சந்தேகமாக இருக்கிறது என்றால் பயந்துபோய் டப்பாவைக் குப்பையில் போடாதீர்கள். முகத்துக்குப் பூசியதை ஒரே நாளில் நிறுத்தினால் எரிச்சல் கிளம்பலாம் என்பதால், டப்பாவோடு அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். எப்படி நிறுத்துவது என்று சொல்வார்கள். வெளுக்க வைக்கும் க்ரீம் என்றால் சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சாதாரணப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். அந்தப் பெண்மணியிடமும் இதைத்தான் சொன்னேன். டப்பாவின் நாலு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, எழுத்துமூலமாகப் புகாரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதைத்தான் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்
(பெயர், முகவரி ஆசிரியரின் பார்வைக்கு மட்டும்)